முப்பத்தெட்டு வள்ளங்களும் ஓர் அசையா ஆதனமும்

பிழை திருத்துவதற்குச் சம்பளம் வாங்கிய ஒருவன் பிழை விட்டால் அது சாதாரணப் பிழையாக இருப்பதில்லை. மற்றவர்கள் அவசரத்தில் பிழை விடுகிறார்கள். அவன் ஆறுதலாக இருந்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, மிகுந்த திருப்தியோடு பிழை விடுகிறான்.

நான் அப்படிப்பட்டவன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் மூன்று வருடம் ஒப்புநோக்குநராக இருந்தேன். அச்சுக்குப் போகும் பக்கத்தை மூலப் பிரதியோடு ஒப்பிட்டு, விடுபட்ட கொம்பையும் கூடிப்போன காலையும் பிடிப்பது என் தொழில். (ஒரு மரண அறிவித்தலில் 'இறைபதம் எய்தினார்' என்பது 'இரைபதம் எய்தினார்' என்று வரவிருந்ததைக் கடைசி நிமிடத்தில் நான்தான் பிடித்தேன். அந்தக் குடும்பத்துக்கு இன்றுவரை அது தெரியாது.) 2005ஆம் ஆண்டில், இனிமேல் எல்லாம் கணினிதான் என்று எவரோ சொன்னதை நம்பி வேலையை விட்டேன். பத்திரிகை கழித்துவிட்ட ஒரு கணினியைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து, பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

எங்கள் ஊர் ஊர்காவற்றுறைக்கும் சுருவிலுக்கும் இடையில் இருக்கிறது. மாதா கோயில் ஒன்று, துறை ஒன்று, வள்ளங்கள் முப்பத்தெட்டு. என் அப்பாவும் வள்ளக்காரர். கணினி வீட்டுக்கு வந்த அன்று அவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உது என்ன செய்யும்?" என்று கேட்டார். "எல்லாம் செய்யும்" என்றேன். "அப்ப வலை பொத்துமோ?" என்றார்.

வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போய் பி.எச்.பி. என்ற கணினி மொழி படித்தேன். வகுப்பில் தந்த குறிப்புகள் தமிழில் இருந்தன. ஆங்கிலப் புத்தகம் ஒன்றை எவரோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தார். கிளாஸ் என்பதற்கு 'வகுப்பு'. ஒப்ஜெக்ற் என்பதற்குப் 'பொருள்'. இன்ஸ்ரன்ஸ் என்பதற்கு 'உதாரணம்'. புறொப்பேற்றி என்பதற்கு, சொத்து என்ற கருத்தில், 'ஆதனம்'. ஆகவே, 'பொருளின் உதாரணத்துக்கு வகுப்பின் ஆதனங்களை வழங்குக' என்று ஒரு வாக்கியம் அமைந்திருந்தது. அதை நான் ஐந்து தடவை வாசித்தேன். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. பொருள்தான் இல்லை.

பிறகு எனக்குத் தெரிந்த தொழிலை வைத்து விளங்கிக்கொண்டேன். வகுப்பு என்பது நிரப்பாத படிவம். பொருள் என்பது நிரப்பிய படிவம். ஆதனங்கள் என்பவை படிவத்தில் உள்ள கட்டங்கள்: பெயர், இலக்கம் இன்ன பிற. ஒரே படிவத்தில் எத்தனை பிரதியும் எடுக்கலாம். ஒவ்வொரு பிரதியிலும் வேறு வேறு விபரம் எழுதலாம். இது சரியான விளக்கம்தான். இதோடு நான் நின்றிருக்கலாம்.

ஏழாம் பாடத்தின் தலைப்பு 'ஸ்ரற்றிக் புறொப்பேற்றி'. குறிப்பில் அதற்குத் தமிழ், 'அசையா ஆதனம்'. அன்று மழை. பஸ் வரவில்லை. நானும் போகவில்லை. போக வேண்டிய தேவை இருப்பதாகவும் எனக்குப் படவில்லை. காணி உறுதி முடிக்கும் நொத்தாரிசுமாரின் அறிவித்தல்களை மூன்று வருடம் ஒப்புநோக்கியவனுக்கு அசையா ஆதனம் என்றால் என்னவென்று ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? மாடு அசையும் ஆதனம். காணி அசையா ஆதனம். மாறுவது ஒன்று, மாறாதது மற்றது. பாடம் முடிந்தது.

அந்த வருடம் கடலுக்குப் போக அனுமதி அட்டை வேண்டும். பழைய அட்டைகள் செல்லாது, இரண்டு கிழமை கழித்து வரும் திங்கட்கிழமையிலிருந்து புதிய அட்டை உள்ள வள்ளம் மட்டுமே துறையை விட்டு வெளிக்கிடலாம் என்று கடற்படை முகாமிலிருந்து அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு ஊரின் கடற்றொழிலாளர் சங்கமும் தன் வள்ளங்களின் விபரத்தைத் திரட்டி, அட்டைகளைத் தயாரித்துக் கொடுத்தால், அவர்கள் பதிவேட்டில் ஏற்றி முத்திரை குத்தித் தருவார்கள். அது இறால் படும் காலம். ஒருநாள் கடல் போகாவிட்டால் முப்பத்தெட்டு வீட்டிலும் அது தெரியும்.

எங்கள் சங்கத்தின் செயலாளர் அல்போன்ஸ் மாஸ்ரர். இளைப்பாறிய ஆசிரியர். கடலுக்குப் போவதில்லை. வள்ளம் ஒன்றை ஆட்களிடம் விட்டுத் தொழில் செய்பவர். சங்கக் கூட்டத்தில் அவர் கொப்பியும் அடிமட்டமும் எடுத்தபோது, நான் எழும்பி நின்றேன்.

"மாஸ்ரர், இதைக் கொம்பியூட்டரிலை செய்வம். நான் ஒரு புறோகிறாம் எழுதித் தாறன்."

"எத்தினை நாள் எடுக்கும்?"

"ஒரு கிழமை."

"கொப்பியிலை எழுதினா அரை மணித்தியாலம்" என்றார் பின்வரிசையிலிருந்த அப்பா.

"அப்பா, அடுத்த வருசமும் அட்டை மாத்துவினம். அப்ப ஒரு பொத்தானை அமத்தினாச் சரி."

"அடுத்த வருசம் ஆர் கண்டது?" என்றார் அப்பா. ஆனால் மாஸ்ரருக்குக் கணினி எழுத்தில் சங்கத்தின் பெயரைப் பார்க்கும் ஆசை பிடித்துவிட்டது. வேலை என்னிடம் வந்தது.

'வள்ளம்' என்று ஒரு வகுப்பு எழுதினேன். நான்கு ஆதனங்கள்: பதிவு இலக்கம், மிசின், ஆட்தொகை, உரிமையாளர். இவற்றில் எது அசையும், எது அசையாது? இரண்டு நாள் யோசித்தேன். (இப்போது நினைத்தால், வாழ்க்கையில் நான் மிக ஆழமாகச் சிந்தித்த இரண்டு நாட்கள் அவைதான்.) மிசின் மாறும். ஆட்கள் மாறுவார்கள். இலக்கம்கூட ஒருமுறை மாறியது. ஆனால் உரிமையாளர்? எங்கள் ஊரில் வள்ளத்தை எவரும் வெளியாளுக்கு விற்பதில்லை. தகப்பனின் வள்ளம் மகனுக்கு. அது அசையாது. ஆகவே உரிமையாளர் என்ற ஆதனத்துக்கு முன்னால் 'ஸ்ரற்றிக்' என்ற சொல்லைப் போட்டேன். காணி உறுதியில் கையெழுத்து வைத்த நொத்தாரிசைப்போல் பெருமையாக இருந்தது.

அப்பாவின் வள்ளத்தைப் போட்டுப் பார்த்தேன். அவருடைய பெயர் பெரிய எழுத்தில் வந்தது. அடுத்து இன்னொன்று. அதுவும் சரி. பத்து வள்ளங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டினேன். பத்தும் சரி. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளி பிழையில்லை.

வியாழக்கிழமை மாலைக்குள் முப்பத்தேழு வள்ளங்களின் விபரம் வந்துவிட்டது. வராதவர் செபமாலை அண்ணை. ஊரிலேயே மிசின் இல்லாத ஒரே வள்ளம் அவருடையது. பாயும் மரக்கோலும்தான். வள்ளம் என்று சொல்வதும் மரியாதைக்கு. உண்மையில் அது ஒரு தோணி. அவர் ஏன் வரவில்லை என்றால், வந்தார். மூன்று நாளும் சங்கக் கந்தோருக்கு வந்தார். மூன்று நாளும் மாஸ்ரர், "மிசின்காரரை முதல் முடிப்பம். நீர் நாளைக்கு வாரும்" என்று அனுப்பிவிட்டார். வியாழன் பொழுதுபட அவர் எங்கள் வீட்டுக்கே வந்து, சோப்புப் பெட்டியில் வெட்டிய ஒரு துண்டு மட்டையை நீட்டினார். இலக்கம் எழுதியிருந்தது.

"தம்பி, என்ரையையும் உதுக்குள்ளை போடுவியோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் முப்பத்தெட்டாவது."

"கடைசியோ?"

"கடைசி எண்டு ஒண்டும் இல்லை அண்ணை. கொம்பியூட்டருக்கு எல்லாரும் ஒண்டுதான்" என்றேன். இவ்வளவு துல்லியமான ஒரு தொழில்நுட்பக் கூற்றை நான் அதன் பிறகு சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அச்சிடப் போகும் நேரத்தில் மாஸ்ரர் வந்து நின்றார். "தம்பி, பதிவு இலக்க ஒழுங்கிலை வேணுமாம். முகாமிலை அப்பிடித்தான் கேக்கினம்." அது சின்ன வேலை. முதலில் முப்பத்தெட்டையும் உண்டாக்கி, இலக்கப்படி அடுக்கி, பிறகு மொத்தமாக அச்சிடும்படி மாற்றினேன். அச்சு இயந்திரம் இருந்தது சந்தியிலுள்ள தொலைபேசிக் கடையில். அட்டைகள் சூடாக வெளியே வந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்து இலக்கம் பார்த்தேன், மிசின் பார்த்தேன், ஆட்தொகை பார்த்தேன். முப்பத்தெட்டிலும் ஒரு பிழை இல்லை.

உரிமையாளர் பெயரைப் பார்க்கவில்லை. அது அட்டையின் தலையில், ஆகப் பெரிய எழுத்தில் இருந்தது. பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும்: உள்ளே பொடி எழுத்தில் உள்ள பிழை தப்பாது. தலைப்பில் உள்ள பிழைதான் தப்பும். அவ்வளவு பெரிதாக இருப்பதை யார் வாசிக்கிறார்கள்?

மாஸ்ரர் அட்டைகளுக்கு றபர் பாண்ட் போட்டு, முகாமில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை ஒரு சிப்பாய் சைக்கிளில் வந்து துறையில் நின்ற அப்பாவிடம், "முதலாளி செபமாலை எங்கே? பெரிய ஐயா வரச் சொன்னார்" என்று கேட்டிருக்கிறார்.

"எந்த முதலாளி?" என்றார் அப்பா.

"செபமாலை முதலாளி."

அப்பா துறையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே செபமாலை என்று இருந்தது ஒரே ஒருவர். அவர் மணலில் குந்தியிருந்து தோணிக்குச் சாக்குத் துண்டால் ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்.

செபமாலை அண்ணை திருநாளுக்குப் போடும் வெள்ளைச் சேட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அவர் மனைவி அக்கினேஸ் அக்கா படலையில் நின்று, "என்னப்பா செய்தனீங்கள்?" என்று மூன்று தடவை கேட்டார். "ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் அவர். துணைக்கு மாஸ்ரரும் நானும் போனோம். என்ன நடந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. மாஸ்ரர் வழி நெடுக, "இந்தாள் ஏதோ செய்துபோட்டுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முகாம் அதிகாரி சிங்களவர். தமிழ் படித்தவர். அதாவது, புத்தகத்தில் படித்தவர். அந்த அறையில் அன்று இலக்கணப்படி தமிழ் பேசிய ஒரே மனிதர் அவர்தான்.

"ஐயா, அமருங்கள்" என்று செபமாலை அண்ணைக்கு ஒரு கதிரையைக் காட்டினார். எங்களுக்குக் காட்டவில்லை. தேத்தண்ணி ஒன்று வந்தது. அதுவும் அவருக்கு.

"உங்கள் ஊர்த் துறையில் நிற்கும் வள்ளங்கள் யாருடையவை?"

"எங்கடைதான் சேர்" என்றார் செபமாலை அண்ணை.

"முப்பத்தெட்டுமா?"

"ஓம். முப்பத்தெட்டும் எங்கடை."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எவரும் 'என்ரை' என்று சொல்வது குறைவு. எங்கடை வீடு, எங்கடை கோயில், எங்கடை மனிசி. தனக்கு மட்டும் சொந்தமான பல்வலியைக்கூட 'எங்கடை பல்லு' என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அதிகாரி படித்த புத்தகத்தில் இது இருந்திருக்காது.

மாஸ்ரர் முன்னால் வந்தார். "சேர், இந்தாளுக்கு ஒரேயொரு தோணி. அதுக்கும் மிசின் இல்லை."

"அப்படியானால் அனைத்தும் தன்னுடையது என்று இவர் ஏன் சொல்கிறார்?"

"என்னுடையது எண்டு நான் சொல்லேல்லை" என்றார் செபமாலை அண்ணை, தேத்தண்ணியைக் கீழே வைத்து. "எங்கடை எண்டுதான் சொன்னனான்."

"எங்களுடையது என்றால் அதில் நீங்களும் உண்டுதானே?"

"ஓம்."

"இந்த மாஸ்ரரும் உண்டா?"

செபமாலை அண்ணை மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தார். சற்று யோசித்தார். "இருக்கட்டும் சேர், பாவம்" என்றார்.

அதிகாரி பேனையை மேசையில் வைத்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து எங்கள் அட்டைகளை எடுத்து, சீட்டு விளையாடுபவர்போல் ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். செ. செபமாலை. செ. செபமாலை. செ. செபமாலை. பெரிய, தடித்த, எழுத்துப் பிழையே இல்லாத எழுத்து. முப்பத்தெட்டு. அப்பாவின் வள்ளத்தின் இலக்கத்துக்கு மேலும் அதே பெயர். எல்லாவற்றிலும் முத்திரை குத்தியாகிவிட்டது.

"தயாரித்தவர் யார்?"

மாஸ்ரரின் விரல் என் பக்கம் திரும்பிய வேகத்தை நான் மறக்க மாட்டேன்.

விளக்க வேண்டியிருந்தது. எனக்கே விளங்காத ஒன்றை, இரண்டாம் மொழியில் கேட்கும் ஒருவருக்கு விளக்க வேண்டியிருந்தது.

"சேர், முதலிலை ஒரு வகுப்பு இருக்கு."

"நீர் எந்த வகுப்பில் படிக்கிறீர்?"

"அந்த வகுப்பு இல்லை சேர். இது வள்ளம் எண்ட வகுப்பு. அதிலையிருந்து பொருள் வரும்."

"அதன் பொருள் என்ன?"

"வள்ளந்தான் சேர்."

"வகுப்பு என்றாலும் வள்ளம், பொருள் என்றாலும் வள்ளமா?"

"ஓம் சேர். வகுப்பு ஒண்டு. பொருள் முப்பத்தெட்டு."

"ஒன்றுக்கு முப்பத்தெட்டுப் பொருளா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. தமிழ் இவ்வளவு கடினமான மொழி என்று தனக்கு எவரும் சொல்லவில்லையே என்ற கவலைதான் இருந்தது. "அப்படியானால் செபமாலை யார்?"

"அவர் அசையா ஆதனம் சேர்."

அறையில் எவரும் அசையவில்லை. செபமாலை அண்ணை மெதுவாக என்னைப் பார்த்து, "தம்பி, வாயை மூடிக்கொண்டிரு" என்றார். அன்று கிடைத்த சரியான ஆலோசனை அது ஒன்றுதான்.

அதிகாரி பதிவேட்டைத் திறந்து காட்டினார். எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பிழை அட்டைகளைத் திருப்பி அனுப்பி, புதியவற்றுக்கு மேலிடத்து ஒப்பம் பெற பத்து நாளாவது ஆகும். அதுவரை? விதிப்படி, உரிமையாளர் என்று அட்டையில் உள்ளவர் மட்டுமே வள்ளத்தைக் கொண்டுபோகலாம். பத்து நாள். இறால். முப்பத்தேழு வீடு. அந்த முப்பத்தேழில் ஒரு வீட்டுக்கு நான் இரவு சாப்பிடப் போக வேண்டும்.

செபமாலை அண்ணை தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

"சேர், இந்த வள்ளமெல்லாம் என்ரை எண்டுதானே அதிலை கிடக்கு?"

"ஆம்."

"நான் ஒராளை என்ரை வள்ளத்திலை தொழிலுக்கு விடேலாதோ?"

அதிகாரி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விரலை ஒரு வரியில் வைத்து இரண்டு தடவை வாசித்தார். விடலாம். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வள்ளத்துக்கும், வெளிக்கிடும்போதும் வந்து சேரும்போதும் உரிமையாளர் துறையில் நின்று கையொப்பம் இட்டால் விடலாம்.

வெளியே வந்ததும் மாஸ்ரர் செபமாலை அண்ணையின் கையைப் பிடித்தார். இருபது வருடத்தில் முதல்தடவை.

அன்று மாலை எங்கள் கணினி வகுப்பு ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அசையாத எண்டா மாறாத எண்டு அர்த்தமில்லை. ஒவ்வொரு பொருளோடையும் அது அசைஞ்சு போகாது. வகுப்போடையே நிக்கும். முழு வகுப்புக்கும் அப்பிடி ஒண்டுதான் இருக்கும், எல்லாருக்கும் பொது. கடைசியா ஆற்றை பேரை எழுதினீரோ, அதுதான் எல்லாருக்கும்."

"பத்து வள்ளம் சரியா வந்ததே சேர்?"

"ஒண்டை எழுதின உடனை காட்டினீர். அடுத்ததை எழுத முதல் காட்டினீர். கரும்பலகையிலை ஒரு பேரை எழுதி, படம் எடுத்து, அழிச்சுப்போட்டு அடுத்ததை எழுதின மாதிரி. முப்பத்தெட்டையும் எழுதி முடிச்சுப்போட்டுப் பாத்தா என்ன இருக்கும்?"

"முப்பத்தெட்டாவது."

"ஏழாம் பாடத்திலை சொன்னனான். நீர் அண்டைக்கு வரேல்லை."

அந்த ஒரு சொல்லையும், அதற்கேற்ப எழுதியிருந்த இரண்டு வரிகளையும் மாற்றினேன். நாலு நிமிடம். முப்பத்தெட்டுப் பெயரும் திரையில் ஒழுங்காக வந்து நின்றன. அப்பா பின்னால் நின்று தன் பெயரைப் பார்த்தார். "இப்ப வடிவா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை விடியப்புறம் துறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு சிப்பாய். கதிரையில் வெள்ளைச் சேட்டோடு செபமாலை அண்ணை. அவர் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். கையெழுத்து என்றால் அவருக்குக் கிறுக்கல் அல்ல. முழுப் பெயரையும் எழுதுவார். 'செ' போட்டு, புள்ளி வைத்து, சற்று நிமிர்ந்து பார்த்து, மீண்டும் குனிந்து 'செ' தொடங்குவார். 'மா' வரும்போது நாக்கு நுனி வெளியே வரும். முதல் வள்ளம் வெளிக்கிட இரண்டரை நிமிடம் எடுத்தது. (நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது பத்திரிகைப் பழக்கம்.) வரிசை மாதா கோயில் மதில்வரை நீண்டது. மிசின்களெல்லாம் உறுமிக்கொண்டு நின்றன.

"அண்ணை, சுருக்கமாப் போடுங்கோவன்."

"சுருக்கமாப் போட்டா அது ஆற்றையோ கையெழுத்து."

"விடியப்போகுது அண்ணை."

"என்ரை வள்ளம். நான் பாத்துத்தான் விடுவன்."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். அவர் பகிடி விடுகிறாரா, இல்லையா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அப்பாவின் முறை வந்தபோது, "மிசினுக்கு எண்ணெய் பாத்தனீரோ?" என்று கேட்டார். அப்பா, முப்பது வருடக் கடலோடி, "ஓம், பாத்தனான்" என்று பதில் சொன்னார். சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று யோசித்தபடி நின்றார்.

மாஸ்ரரின் ஆட்கள் வரிசையில் வந்தபோது கூடவே மாஸ்ரரும் வந்திருந்தார். செபமாலை அண்ணை பேனையை மூடினார். அட்டையை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"மாஸ்ரர், மற்ற ஆக்களை முதல் முடிப்பம்" என்றார். "நீர் நாளைக்கு வாரும்."

இரண்டு பேர் மிசின்களை அணைத்தார்கள், சரியாகக் கேட்பதற்காக. நாற்பது வருடம் வகுப்பெடுத்த மாஸ்ரர் பிறகு செய்த காரியத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வரிசையின் கடைசிக்கு நடந்துபோய், அங்கே நின்றார். செபமாலை அண்ணை மற்றவர்களை முடித்து, கடைசியில் அவருக்கும் கையெழுத்து வைத்தார். அந்தக் கையெழுத்து மட்டும் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

பிற்பகல் வள்ளங்கள் வந்து சேர்ந்தபோது மீண்டும் கையெழுத்து. முதலில் வந்தவன் கையெழுத்து வாங்கிவிட்டு, மேசைக்கருகில் ஒரு கை இறாலை வைத்துவிட்டுப் போனான். எவரும் கேட்கவில்லை. வள்ளக்காரனுக்குப் பங்கு கொடுப்பது எங்கள் தொழிலின் வழக்கம். கை தானாகச் செய்துவிட்டது. இரண்டாமவன் அதைப் பார்த்தான், அவனும் வைத்தான். முப்பத்தேழு வள்ளத்தின் பங்கும் அன்று ஒரு பெட்டிக்குள் சேர்ந்தது. புதன்கிழமை அக்கினேஸ் அக்கா துறைக்கு வந்து கும்பிட்டார். "இனி வேண்டாம் பிள்ளையள். எனக்குக் காயப்போட இடமில்லை. கோழியும் தின்னுதில்லை."

செபமாலை அண்ணைக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. விடியப்புறம் அனுப்ப வேண்டும், பிற்பகல் எடுக்க வேண்டும், இடையில் சிப்பாய் கதிரையை விட்டு எழும்ப விடமாட்டான். அவருடைய தோணி பத்து நாளும் மணலில் கிடந்து வெடித்தது. ஒருநாள் நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது, கடலைப் பார்த்தபடி சொன்னார்:

"முப்பத்தெட்டு வள்ளம் இருக்கு, தம்பி. கடலுக்குப் போக ஒரு வள்ளம் இல்லை."

எனக்குச் சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் அரைகுறையாகச் செய்தேன். அவர் தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். விரல் நுனிகளில் மை.

பதினோராம் நாள் புதிய அட்டைகள் வந்தன. மாற்றப்பட்டவை முப்பத்தேழு. முப்பத்தெட்டாவதை மாற்றத் தேவை இருக்கவில்லை. அது தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது. அன்று விடியப்புறம் எவரும் வரிசையில் நிற்கவில்லை, எவரும் கதிரையில் இருக்கவில்லை. செபமாலை அண்ணைதான் முதல் ஆளாகப் பாயை விரித்துக்கொண்டு போனார். பின்னால் வந்த மிசின்காரர்கள் தங்களையறியாமல் வேகத்தைக் குறைத்து, அவர் முன்னால் போகட்டும் என்று விட்டார்கள்.

நான் பத்திரிகைக்குத் திரும்பினேன். தலைப்புகளையும் வாசிக்கும் ஒரே ஒப்புநோக்குநர் என்ற பெயர் எனக்கு உண்டு. வீட்டில் மிஞ்சியது ஒரு வாசகம். எவராவது வெளியே போக வெளிக்கிட்டால், உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: "செபமாலையின்ரை கையெழுத்து வாங்கியாச்சோ?" அப்பா தொடங்கியது. பிறகு அம்மா. பிறகு, கல்யாணமாகி வந்த ஒரு கிழமைக்குள் என் மனைவி. சந்தைக்குப் போக, ஆஸ்பத்திரிக்குப் போக, ஒருமுறை நான் கோபித்துக்கொண்டு வெளியேறியபோதும்.

மகள் பிறந்ததிலிருந்தே இதைக் கேட்டு வளர்ந்தாள். முதலாம் தரத்தில் சேர்ந்த கிழமை, தேர்ச்சி அறிக்கைக்கு வீட்டில் யார் கையெழுத்து வைப்பார்கள் என்று ரீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டிருக்கிறார். மற்றப் பிள்ளைகள் அப்பா என்றார்கள், அம்மா என்றார்கள். எங்கள் மகள் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். ரீச்சர் அதை எழுதிவிட்டார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது பதிவேட்டைக் காட்டினார்கள். பாதுகாவலர்: திரு. செபமாலை. எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். ஒரு புள்ளி பிழையில்லை.

ரீச்சர், "சரிதானே?" என்று கேட்டார்.

"ஓம், சரி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.